வால்கா கரையில் வீழ்ந்த வல்லமை

தோழர்களே!

படை பெரிது, பகைவன் சிறியவன், பாதையோ தெளிவு. ஆகவே வெற்றி உறுதி என்று எண்ணுவோர் எந்நாட்டிலும் உண்டு. அவர்கள் ஒருமுறை வால்கா ஆற்றங்கரைக்குச் சென்று வரவேண்டும். காலால் அல்ல, கருத்தால்!

1942ஆம் ஆண்டுக் கோடை. ஐரோப்பாவின் பெரும்பகுதி இட்லரின் காலடியில் கிடந்தது. காகசஸ் எண்ணெய்க் கிணறுகளைக் கைப்பற்றக் கிளம்பிய படைகளில் ஒரு பகுதி ஸ்டாலின்கிராடு நோக்கித் திரும்பிற்று. ஆகஸ்டு 23ஆம் நாள் வானிலிருந்து நெருப்பு பொழிந்தது. நகரம் எரிந்தது, அதைக் காத்து நின்றோர் நகரவில்லை! வீடு கோட்டையாயிற்று, மாடிப்படி போர்க்களமாயிற்று. சுய்கோவ் தலைமையில் 62ஆம் படை, ஆற்றங்கரையின் குறுகிய நிலத்தைப் பற்றிக்கொண்டு நின்றது.

வீரத்தைப் பாடி இக்கதையை முடித்துவிடலாம். நான் சொல்ல வந்தது அதுவன்று. வீரம், பகையைத் தடுத்து நிறுத்தியது. அதனை வீழ்த்தியது எது? கேட்க மறுத்த காது!

ஆம், தோழர்களே! நகருக்குள் ஜெர்மனியின் 6ஆம் படை முட்டி மோதிக்கொண்டிருக்க, டான் ஆற்றோரம் நீண்டு கிடந்த பக்கவாட்டைக் காத்து நின்றவை ருமேனிய, இத்தாலிய, ஹங்கேரியப் படைகள். டாங்கிகளைத் தடுக்கப் போதிய பீரங்கிகள் அவற்றிடம் இல்லை. ஆபத்து அங்கேதான் என்று எடுத்துரைத்தவர்கள் இருந்தார்கள். தரைப்படைத் தலைமை நிலையத்தை நடத்திவந்த தளபதி ஹால்டர், இட்லரோடு ஓயாது முரண்பட்டார். பரிசு என்ன தெரியுமா? செப்டம்பர் 24 அன்று பதவி பறிப்பு!

நவம்பர் 8. மூனிக் நகரில் மேடையேறிய இட்லர், ஸ்டாலின்கிராடு கைக்கு வந்துவிட்டது, சில சிறு இடங்களே மிச்சம் என்ற பொருள்பட முழங்கினான். கைதட்டல் கேட்டது. பதினோராம் நாள், நவம்பர் 19 அன்று, சோவியத் பீரங்கிகளின் முழக்கம் கேட்டது! நவம்பர் 23இல் கலாச் அருகே வளையம் மூடிற்று. இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் உள்ளே!

உடைத்துக்கொண்டு வெளியேற அனுமதி கேட்டார் தளபதி பவுலஸ். மறுத்தான் இட்லர். வானூர்தி வழியே வேண்டியதெல்லாம் வந்து சேரும் என்று கோரிங் வாக்களித்திருந்தான். நாளொன்றுக்கு 300 டன்னாவது வேண்டும். சராசரியாகச் சென்றதோ அதில் பாதியைக்கூட எட்டவில்லை. வாக்குறுதி வயிற்றை நிரப்புமா? குதிரைகளைத் தின்றார்கள், பனியில் உறைந்தார்கள்.

1943 ஜனவரி 30 அன்று பவுலசுக்கு ஃபீல்டு மார்ஷல் பட்டம் வந்தது. சோறில்லை, பட்டம் உண்டு! அப்பட்டம் பெற்ற ஜெர்மானியர் எவரும் சரணடையார், உயிரை மாய்த்துக்கொள்வார் என்பது இட்லரின் கணக்கு. மறுநாளே பவுலஸ் சிறைப்பட்டார். பிப்ரவரி 2இல் எஞ்சியோரும் பணிந்தனர். சிறைப்பட்டோர் ஏறத்தாழ 91,000 பேர். வீடு திரும்பியோர் ஏறத்தாழ 6,000 பேரே!

எதிர்ப்பக்கம் மட்டும் ஏற்றமோ என்பீர்கள். இல்லை. 1941இல் படையெடுப்பு வருகிறது என்ற எச்சரிக்கைகளைப் புறக்கணித்தவர்தான் சோவியத் தலைவர் ஸ்டாலின். அதற்கான விலையை மக்கள் இலட்சம் இலட்சமாக உயிரால் கொடுத்தனர். அவரும் அடக்குமுறையாளரே. ஆயினும் 1942 இலையுதிர் காலத்தில் சுக்கோவும் வாசிலெவ்ஸ்கியும் திட்டத்தை விரித்தபோது செவி கொடுத்தார். இரண்டு திங்கள் காத்திருந்தார். அந்தச் செவியே போரைத் திருப்பிற்று!

கழகத் தோழரே! போர்க்களம் வேறு, பொதுவாழ்வு வேறு. நாம் ஏந்துவது கருத்து, கத்தியன்று. ஆனால் பக்கவாட்டு நமக்கும் உண்டு. கூட்டத்துக்கு ஆள் குறைகிறது, வாக்குறுதி நிறைவேறவில்லை என்று முணுமுணுக்கிறார்கள் என ஒரு கிளைத் தோழன் சொல்ல வந்தால், அவனைத் துரோகி என்று தூற்றாதீர்! நாற்காலி போட்டு அமர வையுங்கள். முழுவதும் கேளுங்கள்.

மாலையிடும் கை ஆயிரம் கிடைக்கும். மண்சரிவைக் கண்டு கூவும் குரல் ஒன்றோ இரண்டோதான். அக்குரலை அடக்கிய வல்லரசின் முடிவு, வால்கா கரைப் பனியில் எழுதப்பட்டிருக்கிறது. படியுங்கள், தோழர்களே!