பிரெஞ்சு மொழியும் நம் வாலிபர் உத்தியோகமும்

(நம் சங்கத்தின் கோவைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்லூரிப் படிப்பை முடித்த நம் பிள்ளைகள், தாம் கற்ற பிரெஞ்சு மொழியைக் கொண்டு முதல் உத்தியோகத்தை எங்ஙனம் அடையலாம் என்பது குறித்துப் பேசுமாறு காரியதரிசியவர்கள் பணித்தார்கள். தமிழாசிரியனுக்குப் பிரெஞ்சு மொழியிடத்து என்ன வேலை என்று சிலர் நினைத்தல் கூடும். தமிழ் வகுப்பை விட்டு அவ்வகுப்பிற்குச் செல்லும் பிள்ளையை முதலிற் காண்பவன் தமிழாசிரியனே. ஆதலின், சென்ற பிள்ளை என்ன பெற்றான் என்று ஆராயும் கடமையும் அவனுக்கு உண்டு.

நம் மாநிலத்தில் பதினோராம் வகுப்பிலும், கலை அறிவியற் கல்லூரிகளின் முதற்பகுதியிலும், தமிழுக்கு மாறாகப் பிரெஞ்சை எடுத்துக்கொள்ளப் பல இடங்களில் வழியுண்டு. எடுப்போரிற் பலர் மொழிமேற் காதலால் எடுப்பதில்லை. மதிப்பெண் எளிதில் வரும் என்று கேள்வியுற்றே எடுக்கின்றனர். மதிப்பெண்ணும் வந்துவிடுகிறது. பின்னர் உத்தியோகத்திற்குச் சென்றவிடத்து, தொலைபேசியின் மறுமுனையில் ஒருவர் பிரெஞ்சில் நான்கு வார்த்தை பேசினால் நா எழுவதில்லை. தமிழையும் முறையாகக் கற்கவில்லை, பிரெஞ்சும் கைகொடுக்கவில்லை. இவ்விரண்டுங்கெட்ட நிலையே நாம் கவலை கொள்ளத்தக்கது.

உத்தியோகம் அளிப்போர் கல்லூரி மதிப்பெண்ணை மட்டும் கொண்டு அமைவதில்லை. ஐரோப்பியர் மொழித்திறனை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என ஆறு படிகளாக வகுத்துள்ளனர். முதல் நான்கு படிகளுக்கு டெல்ஃப் என்றும், மேலிரண்டிற்கு டால்ஃப் என்றும் பிரெஞ்சுக் கல்வி அமைச்சின் பத்திரங்கள் உண்டு. ஒருமுறை பெற்றால் அவை ஆயுள் முழுதும் செல்லும். கடிதம் படித்து விடையெழுதும் வேலைக்குப் பெரும்பாலும் பி1 படியும், வாய்மொழியாக உரையாடும் வேலைக்குப் பி2 படியும் எதிர்பார்க்கப்படுகின்றன. பி2 படியை எய்த ஏறத்தாழ 600 மணி நேரப் பயிற்சி வேண்டும். நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் உழைத்தால் 400 நாள். கல்லூரியின் மூன்று ஆண்டுகளில் இது கைகூடாத காரியமன்று. கல்லூரி முடிந்தபின் மூன்று மாதத்தில் கைகூடும் காரியமுமன்று.

இனி, வேலை எங்கே உள்ளது? முதலில் நம் வாயிற்படியையே நோக்குவோம். திருப்பூர்ப் பின்னலாடையும் கரூர் வீட்டு உபயோகத் துணியும் ஐரோப்பாவிற்குக் கப்பலேறுகின்றன. அங்குள்ள பையரோடு கடிதப் போக்குவரத்து நடத்தும் மெர்ச்சண்டைசர், ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் அறிந்தவராயின் அவர் மதிப்பு உயரும். செனகல், பெனின், டோகோ, ஐவரி கோஸ்ட் முதலிய மேலை ஆப்பிரிக்க நாடுகளில் அரசாங்க மொழி பிரெஞ்சே. மோட்டார் பம்பும் நெசவு இயந்திரமும் செய்யும் நம் கோவைத் தொழிலாளர் அங்கே சந்தை தேடப் புகுவாராயின் இம்மொழி பெரிதும் துணைசெய்யும். உலகில் பிரெஞ்சு பேசுவோர் ஏறத்தாழ 32 கோடி என்று 2022ஆம் ஆண்டின் அறிக்கையொன்று கூறுகிறது. அவருள் பெரும்பகுதியினர் ஆப்பிரிக்காவில் உள்ளவர் என்பதை மறத்தலாகாது.

இரண்டாவது, வெளிநாட்டுக் கம்பெனிகளின் கணக்கையும் வாடிக்கையாளர் குறைகளையும் இங்கிருந்தே கவனிக்கும் அலுவலகங்கள். சென்னையிலும் பெங்களூரிலும் இவை மிகுதி. கோவையிலும் இத்துறை வளர்ந்துள்ளது. மூன்றாவது, பள்ளிகளில் பிரெஞ்சு கற்பித்தல். இதற்கு ஆசிரியப் பயிற்சியும் வேண்டும்.

முதல் வேலையில் இடறச்செய்வன பெரிய இலக்கணங்களல்ல, சிறிய எண்களே. பிரெஞ்சில் எழுபது என்பது ‘அறுபதும் பத்தும்’. எண்பது என்பது ‘நான்கு இருபது’. தொண்ணூறு என்பது ‘நான்கு இருபதும் பத்தும்’. தொலைபேசியில் விரைந்து சொல்லப்படும் 97ஐக் கேட்டவுடன் எழுதத் தெரிந்தவனே தேறினவன். இன்வாய்ஸில் நாம் புள்ளி இடும் இடத்தில் அவர்கள் காற்புள்ளி இடுவர். 1,250 என்பது அங்கே ஒன்றேகால். ஆயிரத்து இருநூற்றைம்பது அன்று. இதனை அறியாத கணக்கன் முதலாளிக்கு நஷ்டம் விளைப்பான்.

தமிழை நன்கு கற்ற பிள்ளைக்கு ஓர் அனுகூலமும் உண்டு. நீ, நீங்கள் என்னும் மரியாதை வேற்றுமை ஆங்கிலத்தில் இல்லை, பிரெஞ்சில் உண்டு. வினைமுற்று இடத்திற்கேற்ப விகுதி மாறுவதும் நமக்குப் புதிதன்று. உயிரற்ற மேசைக்கும் பெண்பால் கூறுவது மட்டுமே அஃறிணை கண்ட நமக்கு வியப்பாயிருக்கும்.

இக்காலத்தில் இயந்திரமே மொழிபெயர்க்கின்றதே, மொழியறிந்தவன் எதற்கு என்று ஒரு வினா எழும். எளிய கடிதங்களை இயந்திரம் பெயர்க்கின்றது. அதனால் வெறும் மொழிபெயர்ப்பு வேலை சுருங்கி வருவதும் மெய்யே. ஆனால் இயந்திரம் பிழைத்த இடத்தைக் கண்டு திருத்தவும், சினந்த வாடிக்கையாளனைச் சமாதானம் செய்யவும், துணியின் தரம் குறித்து வழக்காடவும் மனிதனே வேண்டும். அதனாலேயே பிரெஞ்சு தனியே ஒரு தொழிலன்று என்கிறேன். பிரெஞ்சு பேசுவதற்குப் பிரெஞ்சுக்காரரே போதியவர். கணக்கும் பிரெஞ்சும், துணியும் பிரெஞ்சும், பொறியியலும் பிரெஞ்சும் ஒருங்கே அறிந்தவனுக்கே இடமுண்டு.

இதற்குச் சான்று நம் சரித்திரத்திலேயே இருக்கிறது. புதுச்சேரியில் தூப்ளே கவர்னராயிருந்த காலத்தில் தலைமைத் துபாஷியாக விளங்கியவர் ஆனந்தரங்கப் பிள்ளை. துபாஷி என்றால் இருமொழியாளன். அவர் வெறும் வாய்மொழி பெயர்ப்பவராக இருந்தாரல்லர். வணிகமும் நாட்டு வழக்கும் நன்கறிந்தவர். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு தமிழில் அமைந்தது. பிரெஞ்சுக்காரரிடத்து உயர்ந்த அவர் தமிழைக் கைவிட்டாரில்லை. பாலத்திற்கு இரு கரையும் வேண்டும். ஒரு கரையை இடித்து மறு கரைக்குப் பாலம் கட்டுதல் யாரால் இயலும்?

பெற்றோர்களே! மதிப்பெண் பொருட்டு மட்டும் மொழியை மாற்றாதீர்கள். பிள்ளை பிரெஞ்சை விரும்பினால், பி2 படி வரை கற்பிக்க மனங்கொள்ளுங்கள். வீட்டில் தமிழ் நூலும் இருக்கட்டும். வாலிபர்களே! பட்டம் பெறும் நாளில் பி1 பத்திரமேனும் கையிலிருக்கச் செய்யுங்கள். நாள்தோறும் பிரெஞ்சு வானொலியைச் செவியேற்று, கேட்டதை எழுதிப் பழகுங்கள்.

சங்கத்தாருக்கு இரண்டு விண்ணப்பங்கள். வறிய குடும்பத்துப் பிள்ளைகள் டெல்ஃப் பரீட்சைக் கட்டணத்திற்குத் தவிக்காதபடி கல்வி நிதியில் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். ஏற்றுமதித் தொழில் நடத்தும் நம் கனவான்கள் ஆண்டிற்கு ஓரிருவரையேனும் சம்பளத்தோடு பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் உத்தியோகத்திற்கு அனுபவம் கேட்கும் உலகில், அவ்வனுபவத்தை முதலில் அளிப்பவரே உண்மையில் உதவினவராவர்.