காவலரில்லாப் பரீட்சை மண்டபம்



பல்கலைக்கழகம் ஒன்றைக் காணச் செல்வோர் முதலில் நோக்குவது அதன் கட்டடங்களையே. மேற்கு ஆபிரிக்காவில், கானா நாட்டிலுள்ள அஷேசி பல்கலைக்கழகத்துக்குச் செல்வோரோ வேறொன்றைக் காணுதல் வேண்டும். அதுவே அங்குள்ள பரீட்சை மண்டபம். மாணவர் எழுதிக்கொண்டிருப்பர், மேற்பார்வையாளர் எவரும் அங்கு இரார்.

தலைநகராகிய அக்கராவுக்கு வடக்கே, பெரெக்குசோ என்னும் சிற்றூரை அடுத்த குன்றின் மீது இக்கழகம் அமைந்துள்ளது. இங்கு இது குடிபுகுந்தது 2011ஆம் ஆண்டிலேயே. அதற்கு முன், 2002இல், அக்கராவில் வாடகைக் கட்டடம் ஒன்றிலே 30 மாணவருடன் இது ஆரம்பமாயிற்று. அக்கான் மொழியில் 'அஷேசி' என்பதன் பொருளும் தொடக்கம் என்பதே.

இதனை நிறுவிய பற்றிக் அவுவா கானாவிற் பிறந்து, அமெரிக்காவிற் கல்வி கற்று, மைக்ரோசொப்ட் நிறுவனத்திற் பொறியியலாளராய்ப் பணியாற்றியவர். ஊழலும், வலுவற்ற நிறுவனங்களும், அவற்றை நடத்தும் தலைவர்களின் குறையுமே தம் நாட்டின் இடர்களுக்கு வேர் என்று கண்டு, தாயகம் மீண்டார்.

தனியார் பல்கலைக்கழகம் என்றதும், அது வாணிபமோ என்னும் ஐயம் எழுவது இயல்பே. அஷேசி இலாப நோக்கற்றது. கட்டணம் உண்டு, எனினும், வசதியற்ற மாணவர் பலர் நன்கொடையாளர் உதவும் உபகாரச் சம்பளத்தினாற் பயில்கின்றனர்.

2008ஆம் ஆண்டில் அங்கு நேர்மை நெறி ஒன்று நடைமுறைக்கு வந்தது. அதனை ஏற்பதா என்பதை ஒவ்வோர் ஆண்டு மாணவரும் தமக்குள் ஆராய்ந்து, வாக்களித்துத் தீர்மானிப்பர். ஏற்றவர்கள் காவலின்றிப் பரீட்சை எழுதலாம். ஆனால் தாம் பிழை செய்யாதிருத்தல் மட்டும் போதாது. பிறர் பிழை செய்யக் கண்டால் அதனை வெளிப்படுத்துதலும் அவர் கடன்.

இங்கேதான் சோதனை கடுமையாகின்றது. தோழனைக் காட்டிக்கொடுப்பது துரோகமன்றோ என்று இளம் உள்ளம் கேட்கும். அக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிடுதல் இயலாது. ஆயினும், 2015 முதல் அக்கழகம் பொறியியலாளரையும் பயிற்றுவிக்கின்றது. களவாற் பெற்ற புள்ளிகளைக் கொண்டு ஒருவன் நாளை பாலம் கட்டுவானாயின், அதன் மீது நடப்போருக்கு நாம் செய்வது துரோகமன்றோ? நட்பின் எல்லை எது, பொதுநலத்தின் தொடக்கம் எது என்பதை இம்மாணவர் நூலிற் படிப்பதோடு நில்லாமல், இருபது வயதிலேயே வாழ்ந்து அறிகின்றனர்.

2018இல் இக்கழகத்துக்குத் தன் பெயரிலேயே பட்டம் வழங்கும் சாசனம் கிடைத்தது. இன்று ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கு பயில்கின்றனர். பெருநாடுகளின் பழம்பெருங் கழகங்களோடு ஒப்பிடின் இது சிறு தொகையே. எனினும், எவரும் காணாத இடத்திலும் நேர்மையாய் நடக்கப் பழகியோர் சிலராயினும், ஒரு நாட்டுக்கு அவர் பெருஞ் செல்வமாவர்.