பெட்டியும் பெயர்ச்சீட்டும்

(யூபிலி ஆண்டில் பாடற்குழுவினரும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நம் கோவிலில் இதுவரை பதிவான பாடல்களையெல்லாம் ஒன்றுசேர்த்துக் காப்பதென்று, யூபிலி ஆண்டை முன்னிட்டுப் பங்குப் பேரவை முடிவு செய்துள்ளதை அறிவீர்கள். கேசட்டிலும் சி.டி.யிலும் இருந்தவை கணினிக்கு மாறி வருகின்றன. உங்கள் செல்பேசிகளில் உள்ளவையும் வந்து சேர்கின்றன. இப்பணியில் இறங்கிய இளைஞர்களிடையே ஒரு கேள்வி எழுந்துள்ளது. "வகைவாரியாக ஃபோல்டர் போட்டு அடுக்கிவிட்டால் போதும்" என்கிறார்கள் ஒரு சாரார். "ஃபோல்டர் எதற்கு? ஒவ்வொரு பாட்டுக்குள்ளும் டேக் எழுதிவிடுவோம்" என்கிறார்கள் மற்றொரு சாரார். இரு பக்கமும் நியாயம் இருப்பதால், இதைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

ஃபோல்டர் என்பது ஒரு பெட்டி. டேக் என்பது பாடலின் ஃபைலுக்குள்ளேயே எழுதி வைக்கும் பெயர்ச்சீட்டு. பாடல் எங்கே இருக்கிறது என்பதைப் பெட்டி சொல்லும். பாடல் எது, யாருடையது என்பதைப் பெயர்ச்சீட்டு சொல்லும். குருமடத்தில் தத்துவம் படிக்கும்போது, அரிஸ்டாட்டில் வகுத்த பத்து வகைகளை முதலில் மனப்பாடம் செய்ய வேண்டும். அவற்றுள் 'இடம்' ஒன்று, 'தன்மை' வேறொன்று. ஒரு பொருளை நகர்த்தினால் அதன் இடம் மாறும், தன்மை மாறாது. நம் இளைஞர்களின் வாதம் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கிவிடுகிறது.

முதலாவதாகப் பெட்டியின் குறையைப் பார்ப்போம். ஒரு பெட்டிக்குள் இருக்கும் பொருள் அதே சமயத்தில் மற்றொரு பெட்டிக்குள் இருக்க முடியாது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்குரிய கீர்த்தனை ஒன்று இருக்கிறது. நம் பெண்கள் குழு பாடியது. காணிக்கை நேரத்திலும் பாடலாம். அதை 'கிறிஸ்து பிறப்பு' பெட்டியில் போடுவதா, 'பெண்கள் குழு' பெட்டியில் போடுவதா, 'காணிக்கை' பெட்டியில் போடுவதா? மூன்றிலும் ஒவ்வொரு பிரதி போட்டால், ஒரு பாட்டு மூன்றாகிறது. பின்னாளில் ஒன்றில் பிழை திருத்தினால் மற்ற இரண்டும் பிழையோடு நிற்கும்.

இந்தச் சிக்கலை நன்கு அறிந்தவர் நம் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் அவர்கள். கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானவர். ஒரு நூலை ஒரே கிளையில் தொங்கவிடாமல், அதன் பொருள், செயல், இடம், காலம் எனப் பல முகங்களாகப் பிரித்துக் காணும் வகைப்பாட்டு முறையை 1933இல் வெளியிட்டார். நூல் அலமாரியில் ஓரிடத்தில்தான் நிற்கும். ஆனால் நூலகத்து அட்டைப் பெட்டியில் ஆசிரியர் பெயருக்கு ஓர் அட்டை, நூலின் தலைப்புக்கு ஓர் அட்டை, பொருளுக்கு ஓர் அட்டை இருக்கும். எந்த வழியாக வந்தாலும் நூலை அடையலாம். பாடலுக்குள் எழுதும் டேக் செய்வதும் இதே வேலைதான். பாட்டு ஒன்று, அதை அடையும் வாசல்கள் பல.

இரண்டாவதாக, இந்தப் பெயர்ச்சீட்டின் வரலாறு. எம்.பி.3 ஃபைல்கள் பரவத் தொடங்கியபோது அவற்றில் பாட்டின் பெயர் எழுத இடமே இல்லை. 1996இல் எரிக் கெம்ப் என்பவர் ஃபைலின் கடைசியில் 128 பைட் இடம் ஒதுக்கினார். ஐ.டி.3 என்று அதற்குப் பெயர். அதில் தலைப்புக்கு 30 பைட், பாடியவருக்கு 30 பைட், தொகுப்பின் பெயருக்கு 30 பைட். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் போதும். இன்றைய யூனிகோடில் பெருவழக்கான யூ.டி.எஃப்.-8 முறையில் தமிழ் எழுதினால் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வேண்டும். மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் காலும்கூடத் தனித்தனிக் குறிகளே. ஆக, 30 பைட்டில் பத்துக் குறிகள்தான் அடங்கும்.

இதனால் என்ன நேரும் என்பதற்கு நம் கிறிஸ்தவத் தமிழிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) ஒருவர். சரபோஜி மன்னரின் உடன்பயின்ற தோழர், 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியவர், சீர்திருத்த சபையைச் சார்ந்தவர். மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826-1889) மற்றொருவர். முன்சீப்பாகப் பணியாற்றியவர், 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதியவர், 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' இயற்றியவர், நம் கத்தோலிக்க சபையைச் சார்ந்தவர். 'வேதநாயகம்' என்பதில் ஒன்பது குறிகள்; 27 பைட். ஓர் இடைவெளி விட்டால் 28. அதற்கு மேல் ஓர் எழுத்துக்கும் இடமில்லை. சாஸ்திரியாரும் பிள்ளையும் வெட்டுண்டு போக, இரு பெரியோர்களும் ஒரே ஆளாகிவிடுவார்கள்! 'வேதநாயகம்' என்று ஒரு பெட்டி செய்து இருவர் பாடல்களையும் அதில் கொட்டினாலும் விளைவு அதுவே.

நல்லவேளையாக, 1998இல் ஐ.டி.3யின் இரண்டாம் பதிப்பு வந்தது. நீளத் தடை நீங்கியது. எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் என்று தனித்தனிப் பத்திகள் கிடைத்தன. 2000இல் வந்த திருத்தம் யூ.டி.எஃப்.-8 முறையையும் ஏற்றுக்கொண்டது. எனவே முழுப் பெயரையும் தமிழிலேயே எழுத இன்று தடை ஏதுமில்லை. எம்பி3டேக், மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்டு போன்றவை இதற்கென்றே இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்கள். பிக்கார்டு பாட்டின் ஒலியைக் கொண்டே அதை அடையாளம் கண்டு பெயரை நிரப்ப வல்லது. ஆனால் உலகறிந்த இசைத்தட்டுகளுக்குத்தான் அது உதவும். நம் கோவில் மேடையில் பதிவான பாட்டை அது எப்படி அறியும்? அதை நாம்தான் கையால் எழுத வேண்டும்.

மூன்றாவதாக, முக்கியமான ஒன்று. இந்தப் பாடல்கள் ஓரிடத்தில் தங்குவன அல்ல. கோவில் கணினியிலிருந்து பென் டிரைவுக்கும், அங்கிருந்து செல்பேசிக்கும், செல்பேசியிலிருந்து துபாயில் வேலை பார்க்கும் பிள்ளைக்கும் போகின்றன. வாட்ஸ்அப்பில் வரும் பாட்டின் பெயர் மாறி, தேதியும் எண்ணுமாக வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்போது பெட்டி இங்கேயே இருந்துவிடும். பாட்டு மட்டும் போகும். பெட்டியின் மேல் எழுதிய பெயர் கூடப் போகாது. உள்ளே எழுதிய பெயரோ, ஃபைலை அப்படியே அனுப்பினால், பாட்டோடு கூடவே போகும்.

அப்படியானால் பெட்டியே வேண்டாமா? வேண்டும். ஃபோல்டரைத் திறக்கத் தனி மென்பொருள் தேவையில்லை. எழுபது வயதுப் பெரியவரும் திறந்து பார்க்கலாம். ஒலிபெருக்கிப் பெட்டியில் பென் டிரைவைச் செருகினால், சில கருவிகள் ஃபோல்டரையும் ஃபைல் பெயரையும் மட்டுமே அறியும். கேசட்டிலிருந்து நேரே எடுக்கும் டபிள்யூ.ஏ.வி. ஃபைல்களில் டேக் எழுதினாலும் எல்லாக் கருவிகளும் அதைப் படிப்பதில்லை. அவற்றை ஒலித்தரம் குறையாத ஃபிளாக் வடிவத்துக்கு மாற்றிக்கொண்டால் டேக் தாராளமாக எழுதலாம்.

ஆகவே, நான் சொல்லும் முடிவு இது. பெட்டிகள் குறைவாக இருக்கட்டும். ஒருபோதும் மாறாத ஒன்றைக் கொண்டு அவற்றைப் பிரியுங்கள். எந்த ஆண்டில் பதிவானது, எந்தக் கேசட்டிலிருந்து வந்தது என்பவை மாறா. பெட்டிக்கு அவை போதும். முதலடி, எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், வாத்தியம் வாசித்தவர், வழிபாட்டுக் காலம் ஆகிய மற்றவை யாவும் பாட்டுக்குள்ளே போகட்டும்.

எழுதும்போது ஒரே சீராக எழுதுங்கள். நம் திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரே குடும்பத்தில் அந்தோணி, அந்தோனி, ஆன்டனி என்று மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். திருமணச் சான்றுக்கு வரும்போதுதான் அதன் சங்கடம் தெரியும். மனிதன் ஒருவனே என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. மூன்றையும் மூன்று ஆளாகவே அது எண்ணும். முன்னெழுத்தை எங்கே போடுவது, 'சவேரியார்' என்பதா 'சேவியர்' என்பதா என்பதை முதலிலேயே பேசி, ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கேசட் என்னும் கருவி உலகுக்கு வந்ததும் 1963. திருவழிபாட்டில் தாய்மொழிக்குக் கதவு திறந்த வத்திக்கான் சங்க ஏடு வெளியானதும் 1963. தமிழில் பாடத் தொடங்கிய தலைமுறையின் குரல், கேசட் என்ற ஒன்று இருந்ததால்தான் நமக்குக் கிடைத்தது. அந்தக் குரல்கள் இன்று கணினியில் ஒலிக்கும்போது திரையில் என்ன தெரிகிறது? 'அன்நோன் ஆர்ட்டிஸ்ட்' என்று தெரிகிறது. அடையாளம் அறியாத கலைஞராம்! நாற்பது ஆண்டுகள் ஞாயிறு தவறாமல் வந்து, கூலி எதுவும் வாங்காமல் பாடிய அக்காமாரும் அண்ணன்மாரும் நம் ஊரில் அடையாளம் அறியாதவர்களா?

அந்தக் குரல் யாருடையது, ஆர்மோனியம் வாசித்தது யார், மெட்டமைத்தது யார் என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலரே நம்மிடையே இருக்கிறார்கள். இளைஞர்களே, கணினி காத்திருக்கும். அவர்கள் வயது காத்திராது. இந்த வாரமே அவர்கள் வீடுகளுக்குப் போங்கள். பாட்டைப் போட்டுக் காட்டுங்கள். "பாட்டி, இது யார் குரல்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயரை அங்கேயே எழுதிக்கொண்டு வந்து, அன்றிரவே பாட்டுக்குள் பதியுங்கள்.