திட்டம் போடுகிறவர்கள் ஊரைக் கேட்க வேண்டாமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"நாட்டின் பொருளாதாரத் திட்டமிடலில் கிராம மக்களின் பங்கு" என்று எனக்குத் தலைப்பு தந்திருக்கிறார்கள். இதற்கு டில்லி வரை போக வேண்டியதில்லை. நம்ம பெரம்பலூரும் அரியலூருமே போதும். 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-ல் அரியலூர் தனி மாவட்டமானது. 2002-ல் திரும்பச் சேர்த்தார்கள். 2007-ல் மறுபடி பிரித்தார்கள். நம்மில் சிலருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாவட்டம், ரேஷன் கார்டில் இன்னொரு மாவட்டம்!

சிரிப்பு இருக்கட்டும். ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1990-களில், மின்நிலையம் வரப்போகிறது என்று சொல்லி, 1894-ம் வருடத்து வெள்ளைக்காரன் சட்டப்படி பல ஊர்களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தை எடுத்தார்கள். இழப்பீடு போதாதென்று ஜனங்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். சுரங்கமும் வரவில்லை, மின்நிலையமும் வரவில்லை. ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்து, 2020-களின் தொடக்கத்தில்தான், நிலத்தை உரியவர்களிடமே திருப்பித் தருவதென்று அரசு முடிவு செய்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முந்திரிக் கன்று வைத்தால் பல வருடம் பலன் தரும். நிலம் யாருடையது என்றே தெரியாத ஒருவர் அதை நம்பி எப்படி வைப்பார்? கிணறு எப்படி வெட்டுவார்? சிட்டாவில் பெயர் இல்லாமல் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்க முடியுமா? இந்த நஷ்டம் எந்த ஐந்தாண்டுத் திட்டப் புத்தகத்தில் ஏறியது?

தொழிற்சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் இல்லாமல் இத்தனை சிமெண்டு ஆலைகள் ஏது? அதில் வேலை பார்த்தவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள். ஊரையும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு எத்தனை மாதம் காக்கலாம், எப்போது விற்றால் கட்டும் என்பது செட்டிகுளம் பக்கத்து விவசாயிக்குத் தெரியும். கிடங்கு எங்கே கட்டலாம் என்று அவரைக் கேட்டால் பாதி செலவு மிச்சம்.

கேட்பதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1993-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம், பொருளாதார மேம்பாட்டுக்குத் திட்டம் தீட்டும் பொறுப்பை ஊராட்சிகளுக்கும் தரச் சொல்கிறது. கூடவே வந்த 74-வது திருத்தம், அந்தத் திட்டங்களைத் தொகுக்க மாவட்டத் திட்டக் குழு வேண்டும் என்கிறது. 2013-ம் வருடத்து நிலச் சட்டத்தில், தனியாருக்காக நிலம் எடுத்தால் நிலக்காரர்களில் 80 சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும். 2015-க்குப் பிறகு, சுரங்கம் நடத்துகிறவர்கள் ராயல்டியோடு ஒரு பங்கை மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கும் கட்டியாக வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கான பணம் அது.

கேரளத்தில் 1996-ல் மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கி, ஊர்க் கூட்டத்தில் வைத்தே திட்டம் போட்டார்கள். நம்மிடம் என்ன நடந்தது? 2016 அக்டோபரிலிருந்து 2019 டிசம்பர் தேர்தல் வரை தேர்ந்தெடுத்த ஊராட்சி மன்றமே இல்லை, தனி அலுவலர்தான். கேட்பதற்கு ஆளில்லாத காலத்தில் யார் பேச்சு எடுபடும்?

ஆகவே நண்பர்களே, ஒரு வேண்டுகோள். நம்மில் வக்கீல் இருக்கிறார்கள், ஆடிட்டர் இருக்கிறார்கள், ஓய்வு பெற்ற தாசில்தார் இருக்கிறார்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 – இந்த நாட்களில் சொந்த ஊர்க் கிராம சபையில் போய் உட்காருங்கள். மேடை வேண்டாம், மாலை வேண்டாம். வரவு செலவைப் படிக்கச் சொல்லுங்கள். கனிம நிதியில் நம்ம ஊருக்கு என்ன வந்தது என்று கேளுங்கள். பேசத் தயங்கும் பெண்களின் கோரிக்கையைத் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். கையெழுத்துப் போடுமுன் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துப் பாருங்கள். நாம் படித்த படிப்பு ஊருக்குப் பட்ட கடனை அடைக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.