புறாக் காணிக்கை

(பொன்விழா ஆண்டின் தொடக்க ஞாயிறன்று மாலைச் செபமாலைக்குப் பின் பங்கு மக்களுக்கு ஆற்றிய உரை)



பொன்விழா என்றால் பேச வருகிறவர் பங்கின் பழம்பெருமைகளை எடுத்துரைப்பதும், கோயில் கட்டக் கல் சுமந்தவர்களை நினைவுகூர்வதும் வழக்கம். அந்த வரலாற்றை மலருக்காக நம் உபதேசியார் எழுதிக்கொண்டிருக்கிறார். அவர் அறிந்த அளவு நாம் அறியோம். நாம் இங்கு வந்து சேர்ந்தே சில ஆண்டுகள்தான் ஆகின்றன. ஆகவே 'யூபிலி' என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் வழியாக உங்கள் வீட்டு வரவு செலவுக்குள் சற்றே நுழையலாம் என்று எண்ணுகிறோம். அழையாமல் நுழைவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எபிரேய மொழியில் 'யோபேல்' என்றால் ஆட்டுக்கிடாயின் கொம்பு. லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தில் ஐம்பதாம் ஆண்டைப் பற்றிய கட்டளை இருக்கிறது. அவ்வாண்டில் கொம்பு ஊதப்படும். வறுமையால் நிலத்தை விற்றவனுக்கு நிலம் திரும்பும். வறுமையால் தன்னையே விற்று அடிமையானவன் தன் குடும்பத்தாரிடம் திரும்புவான். இவ்வளவே அந்த விழா. அதிகாரத்தை எத்தனை முறை படித்தாலும் அங்கே தோரணம் இல்லை, வாணவேடிக்கை இல்லை. ஊதுவதற்கு ஒரு கொம்பு, வீடு திரும்புவதற்கு ஒரு வழி, அவ்வளவுதான். திருச்சபை முழுவதும் 2025இல் யூபிலி ஆண்டைக் கொண்டாடியபோதும், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் ஏழை நாடுகளின் கடனை மன்னிக்குமாறு பணக்கார நாடுகளைக் கேட்டுக்கொண்டார். யூபிலியையும் கடன் மன்னிப்பையும் பிரிக்க முடியாது என்பதே காரணம்.

இப்போது நம் கதைக்கு வருவோம்.

பொன்விழாக் குழு முதன்முறை கூடியபோது நாமும் அமர்ந்திருந்தோம். முகப்பு வளைவு, புதிய ஒலிபெருக்கி, தேருக்கு மின்விளக்கு அலங்காரம், மேலே பறந்து படம் எடுக்கும் கேமரா என்று பட்டியல் நீண்டது. வளைவு பக்கத்துப் பங்கில் இருப்பதைவிட ஓர் அடியாவது உயரமாக இருக்கவேண்டும் என்று ஒருவர் சொன்னார். நாம் மறுக்கவில்லை, உண்மையைச் சொன்னால் உள்ளுக்குள் மகிழ்ந்தோம். தலைக்கட்டு வரி குடும்பத்திற்கு இரண்டாயிரம் என்று முடிவாயிற்று. கட்டியவர் பெயரையும் பாக்கிப் பெயரையும் ஞாயிறு திருப்பலிக்குப் பின் வாசிப்பது என்றும் முடிவாயிற்று.

சில நாள் கழித்து ஒரு தாய் பங்கு இல்லத்திற்கு வந்து முழு வரியையும் எண்ணி வைத்தார். கொல்லையில் கூலி வேலை செய்கிறவர். நாம் ரசீது எழுதிக்கொண்டே, "வெங்காயம் அறுவடைக் கூலி வந்ததாம்மா?" என்று கேட்டோம்.

"இல்ல சாமி. தண்டல்ல வாங்கினேன். கோயில்ல பேரு வாசிக்கறப்ப எங்க வீடு மட்டும் பாக்கின்னு வந்தா, புள்ளைங்க தலைநிமிந்து நடக்க முடியாதுல்ல."

ரசீதில் நம் கையெழுத்து பாதியில் நின்றது.

தண்டல் என்றால் என்னவென்று உங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு, முன்கூட்டியே ஆயிரத்து ஐந்நூறைப் பிடித்து, எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் தருகிறார்கள். நாளொன்றுக்கு நூறு ரூபாய், நூறு நாள் கட்ட வேண்டும். 'பத்தாயிரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறுதானே வட்டி' என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது. ஆகவே நூறு நாளும் சராசரியாக நம் கையில் இருப்பது ஏறக்குறைய நாலாயிரத்து இருநூற்று ஐம்பதுதான். அதற்கு நூறு நாளில் ஆயிரத்து ஐந்நூறு வட்டி என்றால், ஓர் ஆண்டுக்கு நூற்றுக்கு நூற்றிருபதுக்கும் மேல். தமிழ்நாடு அரசு 2003இல் கொண்டுவந்த அதீத வட்டித் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லித் தடுக்கிறது. கடனை மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக 2025இலும் ஒரு சட்டம் வந்தது. சட்டம் இருக்கிறது, காலை ஏழு மணிக்கு இருசக்கர வண்டியும் வந்து நிற்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வெறும் இரண்டாயிரத்துக்குத் தண்டல்காரர் வரமாட்டார். எடுத்தால் பத்தாயிரமாக எடுங்கள் என்பார். வரி போக மீதி என்னாயிற்று என்று கேட்டோம். "விழாவுக்குத் துணி எடுத்தோம் சாமி. ஆடித் தள்ளுபடியில போட்டிருந்தான்" என்றார். அவரை எந்த வாயால் கண்டிப்பது? வளைவை ஓர் அடி உயர்த்திக் கட்ட நாம் ஆசைப்பட்டதும், நாலு பேர் கண்ணுக்காக அவர் துணி எடுத்ததும் ஒரே சந்தையில் செய்த வியாபாரந்தான்.

ஒரு காலத்தில் நம் பக்கத்தில் கடைக்குப் போவதே ஒரு பயணமாக இருந்தது. பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995இல். அரியலூர் நிலையாகத் தனி மாவட்டமானது 2007இல். அதற்கு முன் எல்லாம் திருச்சி மாவட்டந்தான். கலியாணத் துணி எடுக்க வேண்டுமென்றால் திருச்சிக்கோ கும்பகோணத்துக்கோ போக வேண்டும். அதற்குப் பருத்தி விற்றுப் பணம் வர வேண்டும், பஸ் பிடிக்க வேண்டும், ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். அந்தத் தொல்லையே பாதி ஆசையைக் கரைத்துவிடும். இப்போது கடை நம் தலையணைக்கடியில் படுத்திருக்கிறது. இரவு பதினோரு மணிக்கு விரலால் தொட்டால், நான்காம் நாள் பொட்டலம் தெருமுனைக்கு வந்துவிடுகிறது. ஆடி மாதம் புதுக் காரியங்கள் தொடங்காத மாதம்; கலியாணம் இல்லை, கடைகளில் கூட்டம் இல்லை. தேங்கிய சரக்கைத் தள்ளுவதற்கு வியாபாரிகள் கண்ட வழிதான் ஆடித் தள்ளுபடி. அவர்களுக்கு அது புத்திசாலித்தனம். அவர்களுடைய தேங்கிய சரக்கு நம் பீரோவில் வந்து தேங்குகிறதே, அதற்கு என்ன பெயர் வைப்பது?

பொருள் சேர்ப்பதே பாவம் என்று நாம் சொல்ல வரவில்லை. லூக்கா நற்செய்தி 12ஆம் அதிகாரத்தில் வரும் செல்வனை நினைத்துக்கொள்ளுங்கள். விளைச்சல் பெருகியது, பழைய களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்டான், அன்றிரவே அவன் உயிர் போயிற்று. நம் ஊரில் இந்த உவமை எல்லாருக்கும் விளங்கும். வெங்காயப் பட்டறை போடாத ஊர் இந்தப் பக்கம் ஏது? சின்ன வெங்காயத்தைக் காற்றோட்டமாக மேடை கட்டிக் குவித்து, மேலே கூரை வேய்ந்து, விதைக்கும் நல்ல விலைக்கும் காத்திருப்பது விவேகம். அந்தச் செல்வனின் தவறு பட்டறை போட்டதில் இல்லை. அவன் பேச்சைக் கவனியுங்கள்: தனக்குத் தானே பேசிக்கொள்கிறான்; விளைச்சலைக் காட்டவோ, ஒரு பிடி கொடுக்கவோ பக்கத்தில் ஒருவரும் இல்லை. இந்த உவமையை இயேசு சொன்னதும் ஒரு பாகப்பிரிவினைத் தகராறு காரணமாகத்தான். பட்டறை போட்டவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: விலை இன்னும் ஏறும், இன்னும் ஏறும் என்று மழைக்காலம் வரை விட்டுவைத்தால், அடியிலிருந்து அழுகி வருகிற வாடையை எந்தக் கூரையும் மறைக்காது. பாலைவனத்து மன்னாவும் அப்படித்தான். மறுநாளுக்கென்று பதுக்கியது புழுத்தது. ஓய்வு நாளுக்காக ஆறாம் நாள் சேர்த்து வைத்ததோ கெடவில்லை.

'போதுமென்ற மனம்' என்று பேசத் தொடங்கினால் நமக்கு ஓர் அச்சமும் உண்டு. கூலி உயர்த்திக் கேட்பவரிடம் போய், 'உள்ளதே போதும் என்றிரு' என்று சொல்வதற்கு இந்தச் சொல்லைப் பலர் பயன்படுத்தியிருக்கிறார்கள். சமயப் பிரசங்கிகளும் அதில் உண்டு. திருச்சபையின் போதனை அதுவன்று. தொழிலாளியும் அவன் குடும்பமும் வாழத்தக்க நியாயமான கூலியைத் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891லேயே வலியுறுத்தினார். சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலும், சிமெண்டு ஆலையிலும், முந்திரிக் கொல்லையிலும் உழைப்பவர் தம் உரிமையைக் கேட்பது பேராசையாகாது. பவுலடியார் தம் மனநிறைவைப் பற்றிப் பிலிப்பியருக்கு எழுதியது சிறையிலிருந்து. அதுவும் எப்படிப்பட்ட கடிதத்தில்? அவர்கள் அனுப்பிய உதவி எப்பப்பிரதீத்து வழியாகக் கிடைத்தது என்று நன்றி சொல்லும் கடிதத்தில்! வாங்கிக்கொள்ளவும் அவருக்கு வெட்கம் இல்லை; வராவிட்டாலும் கலக்கம் இல்லை. அதைத் தாம் கற்றுக்கொண்டதாகவே சொல்கிறார். பிறவியிலேயே வந்துவிட்டதென்று சொல்லவில்லை. கற்றுக்கொள்ளக் கூடியது என்றால் நமக்கும் நம்பிக்கை உண்டு.

நம் கதையையும் சொல்லிவிடுகிறோம். திருச்சியில் குருமடத்தில் பயின்ற 1990களில் நம் உடைமை எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் அடங்கின. சென்ற முறை பங்கு மாறி இங்கு வந்தபோது ஒரு சிறு லாரி தேவைப்பட்டது. பாதி அட்டைப்பெட்டிகள் இன்றும் பிரிக்கப்படாமல் மாடியில் கிடக்கின்றன. உள்ளே என்ன இருக்கிறதென்று நமக்கே நினைவில்லை.

நம் மறைமாவட்டத்தாருக்கு ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவின் திருத்தலத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அங்கே நம் மக்களோடு வாழ்ந்த வீரமாமுனிவர், இத்தாலியில் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680இல் பிறந்தவர். புனித ஞானப்பிரகாசியார் என்று நாம் வணங்கும் அலோசியுஸ் கொன்சாகாவும் அதே ஊர்க்காரர்தான். சிற்றரசின் மூத்த மகனாய் 1568இல் பிறந்து, 1585இல் பட்டத்து உரிமையைத் தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு இயேசு சபையில் சேர்ந்தார். கொள்ளைநோய் கண்டவர்களுக்குப் பணிவிடை செய்ததால் தாமும் நோயுற்று, 1591இல் 23ஆம் வயதில் உரோமையில் உயிர்நீத்தார். அந்த ஊரிலிருந்து நம் கொள்ளிடக் கரைக்கு வந்த வீரமாமுனிவர் 3615 பாடல்களில் தேம்பாவணி என்னும் காப்பியம் பாடினார். பாட்டுடைத் தலைவர் அரசரல்லர், ஒரு தச்சர். புனித சூசையப்பருக்கு அவர் இட்ட தமிழ்ப் பெயரை நினைத்துப் பாருங்கள்: 'வளன்'. வளம் உடையவன்!

அந்த வளனுடைய கையிருப்பு எவ்வளவு? லூக்கா நற்செய்தி நமக்குக் கணக்கே காட்டுகிறது. குழந்தை இயேசுவைக் கோவிலில் காணிக்கையாக்கச் சென்றபோது, திருச்சட்டப்படி ஓர் ஆட்டுக்குட்டி செலுத்தவேண்டும். ஆட்டுக்கு வழியில்லாத ஏழை இரண்டு புறாக்கள் செலுத்தலாம் என்று லேவியர் நூலின் 12ஆம் அதிகாரம் இடங்கொடுக்கிறது. சூசையப்பரும் மாதாவும் செலுத்தியது புறாக் காணிக்கை. கையில் புறாவோடு நின்றவருக்கு முன்னும் பின்னும் ஆட்டுக்குட்டியோடு நின்றவர்கள் இருந்திருக்க மாட்டார்களா? தலைப்பிள்ளையின் சடங்காயிற்றே, உறவினர் கண்ணுக்காக எங்காவது கடன் வாங்கி ஓர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வருவோம் என்று அவர் போகவில்லை. இதில் இரண்டு பேர் பங்கு இருக்கிறது. வெட்கப்படாமல் புறாவை நீட்டியவர் ஒருவர். புறா போதும் என்று முன்னமே எழுதி வைத்த சட்டம் மற்றொன்று. நம் பங்கில் முதலாவது குறைந்ததற்குக் காரணம், இரண்டாவது இல்லாமற்போனதுதான். ஆட்டுக்குட்டி வரி போட்டவர்கள் நாம். ஆடு வாங்கத் தண்டலுக்குப் போனவரைக் குறை சொல்வது எப்படி?

அந்தத் தாய்க்கு அன்றே பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். தண்டலை மொத்தமாக அடைக்க வின்சென்ட் தே பவுல் சபையார் முன்வந்தார்கள். பிறகு குழுவை மறுபடி கூட்டினோம். காரசாரமாகவே பேசினார்கள். 'மற்றப் பங்குகள் சிரிக்காதா சாமி?' என்று கேட்டவர் இப்போது இங்கேதான் அமர்ந்திருக்கிறார்; அவர் கோபம் இன்னும் முழுவதும் தீரவில்லை என்பதும் நமக்குத் தெரியும். முடிவில் வளைவு இல்லை என்று தீர்மானமாயிற்று. வரியும் இல்லை, அவரவர் விருப்பப்படி உறையிலிட்டுக் காணிக்கை. பெயர் வாசிப்பதும் இல்லை. வரியாக முன்னமே கட்டியவர்கள் விரும்பினால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். பதினொரு குடும்பத்தார் பெற்றுக்கொண்டார்கள். அவர்களைப் பற்றி யாரும் பேசவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். மீந்த பணத்தில் ஒரு சிறு நிதி. அதிலிருந்து வட்டியில்லாமல், தண்டலை அடைப்பதற்கு மட்டும், துணிமணி வாங்க அன்று, அன்பியத் தலைவர்களின் சிபாரிசின் பேரில் கைமாற்று தரப்படும். திரும்பி வருமா என்று பொருளாளர் கேட்கிறார். வராமலும் போகலாம். ஓராண்டு நடத்திப் பார்ப்போம். அடுத்த ஆண்டு கணக்கைக் கோயில் கதவில் ஒட்டுவோம்.

புதிய ஒலிபெருக்கியும் வாங்கவில்லை. நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது பழையதுதான்; நடுவே இரண்டு முறை கரகரத்ததைக் கவனித்திருப்பீர்கள். பின்னால் வேப்பமரத்தடியில் நிற்பவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று இப்போது சீட்டு வந்திருக்கிறது. முன்னால் வந்து உட்காருங்கள். பாய் விரித்திருக்கிறோம், இடம் இருக்கிறது.