டோலி இறக்கிய பிறகு



போடிநாயக்கனூர் என்றதும் வெளியூர்க்காரருக்கு ஏலக்காய் மணக்கும். நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏலம் இங்கும், கேரள எல்லைக்கு அப்பால் புத்தடியிலும் நடக்கிறது. காய் கிலோ என்ன விலைக்குப் போனது என்பது அன்று மாலைக்குள் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். அந்தக் காயை எடுத்த கை, விடியுமுன் யாருக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு மலையேறியது என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. நாள்பட்ட நோய், இனக்குழு, குடும்பக் கவனிப்பு என்று இந்தக் கருத்தரங்கின் அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். என் மனத்தில் அந்தக் கஞ்சிக் கிண்ணம்தான் நிற்கிறது.

டோலியிலிருந்து தொடங்குகிறேன். சாலை எட்டாத குடிகள் இந்த மலைகளில் இன்னும் இருக்கின்றன. கொட்டகுடிக்கு மேலேயும் அகமலைப் பக்கத்திலும் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால், கம்பில் போர்வையைத் தூளிபோலக் கட்டி, ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்துத் தூக்கி வருவார்கள்; அதுதான் டோலி. இம்மலைகளில் வாழும் முதுவர் பழங்குடியினரின் பெயருக்கே, மதுரையை விட்டு மலையேறியபோது முதுகில் சுமந்து வந்தவர்கள் என்று அம்மக்கள் வழிவழியாக ஒரு விளக்கம் சொல்கிறார்கள். பிரசவ வலி, பாம்புக்கடி என்றால் பளியர் குடியானாலும் முதுவர் குடியானாலும் ஊரே எழுந்து நிற்கும். அங்கே போய் ‘முதன்மைப் பராமரிப்பாளர் யார்?’ என்று கேள்வித்தாளை நீட்டுகிறோம். ஒரு பெயர் எழுதும் கட்டத்தில் எட்டுத் தோள்களை எப்படி எழுதுவது?

இதைப் பார்த்து, மலைமக்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்வார்கள் என்று நெஞ்சு நிறைந்து திரும்பிவிடக் கூடாது. சர்க்கரை நோய்க்கு மாதாமாதம் யாரும் டோலி கட்டுவதில்லை. அவசரத்துக்கு ஊர் வரும். நாள்பட்ட நோய்க்கு வராது, வரவும் முடியாது. கூலியை விட்டுவிட்டு எட்டுப் பேர் மாதந்தோறும் மாத்திரைக்காக ஒருவரைச் சுமந்து இறங்க முடியுமா? கால் மரத்துப் போன பெரியவர், ‘இப்ப ஒண்ணுமில்ல, அடுத்த வாட்டி பாத்துக்கலாம்’ என்று இருந்துவிடுவார். மாத்திரை நிற்கும். வலி தெரியாத காலில் புண் வளரும். பிறகு ஒரு நாள் டோலி கட்டுவார்கள், காலைக் காப்பாற்றும் கட்டம் கடந்த பிறகு. டோலி தூக்கும் காட்சியைப் படமெடுக்கக் கேமரா வருகிறது. கட்டுப்போட்டுக்கொண்டு வீடு திரும்பியவரை யார் குளிப்பாட்டுகிறார்கள், அவருக்கு இரவில் யார் விழித்திருக்கிறார்கள் என்று கேட்க நாம்தான் போக வேண்டும்.

கீழே வந்தால் வேறொரு காட்சி. போடி, தேவாரம், கோம்பை, கம்பம் என்று அடிவாரத்து ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப்புகள் கிளம்புகின்றன. போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக உடும்பன்சோலை வட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் களை எடுக்க, காய் எடுக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எனக்குத் தெரிந்த ஓர் அக்காவின் வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்து ஐந்து வருடம் ஆகிறது. அந்த அக்கா சொன்னதை அப்படியே சொல்கிறேன்: “நான் மலைக்குப் போனாத்தான் அவருக்கு மாத்திர. மலைக்குப் போயிட்டா அந்த மாத்திரயக் குடுக்க ஆளில்ல.” நாலு நாள் சேர்ந்தாற்போல் நின்றால் ஜீப்பில் தன் இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு. ஆகவே மாத்திரை கொடுக்கும் பொறுப்பு மகளிடம் போனது. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றாள். கவனிப்பின் விலை என்று நான் எழுத விரும்பும் கணக்கு இந்த மூன்று வரியில் அடங்கிவிடுகிறது.

மைக்கேல் பியூரி என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர் முடக்குவாத நோயாளிகளோடு பேசி, நாள்பட்ட நோய் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றையே இடையில் முறித்துவிடுகிறது என்று 1982-ல் எழுதினார். நல்ல கருத்து. ஆனால் நம் வீடுகளில் முறிவது நோயாளியின் கதை மட்டுமா? பள்ளியை விட்ட அந்தப் பெண்ணின் கதையை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?

1990-களில் வக்கார் அகமது, கார்ல் அட்கின் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் பிரிட்டனில் குடியேறிய தெற்காசியக் குடும்பங்களைப் பற்றி எழுதியதை இங்கே நினைவூட்ட வேண்டும். ‘அவர்கள் கூட்டுக் குடும்பம், தங்களுக்குள் பார்த்துக்கொள்வார்கள்’ என்ற நம்பிக்கை அங்கே சேவை வழங்குவோரிடம் ஊறியிருந்தது. புகழ்ச்சிபோல் ஒலிக்கும் அந்த வாசகம், உதவி போய்ச் சேராததற்குச் சாக்காக நின்றது. அதே வாசகத்தை நம் மண்ணில் நம் வாயாலேயே கேட்கிறேன். ‘தமிழ்க் குடும்பம் பார்த்துக்கொள்ளும்’ என்கிறோம். யார் பார்த்துக்கொள்வது, எந்தக் கூலியை இழந்து பார்த்துக்கொள்வது என்று சொல்லாதவரை அது ஆய்வு முடிவாகாது.

இனக்குழு என்றதும் இரத்தத்தைச் சோதிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. 1952-ல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் தன்மையைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். அது பெரும் பணி. 2023 ஜூலை 1-ல் அரிவாள் செல் நோய் ஒழிப்புக்கான தேசிய இயக்கம் தொடங்கும்வரை அதன் தொடர்ச்சி நீள்கிறது. இரத்தத்தில் உள்ளதை இரத்தத்தில் தேடுவோம். ஆனால் பளியர் முதியவர் பிரஷர் மாத்திரையை நிறுத்தியதற்கு ‘அவர்களுடைய வழக்கம், நம்பிக்கை’ என்று காரணம் எழுதும் ஆய்வேடுகளைப் படிக்கும்போது எனக்கு வலிக்கிறது. பேருந்து நிற்கும் இடத்துக்கு எத்தனை மணி நேர நடை என்று கேட்டோமா? 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் சுமார் 7.95 லட்சம் பேர், நூற்றுக்கு ஒருவரைச் சற்றே தாண்டிய அளவு. மாநிலம் முழுவதற்கும் எடுக்கும் மாதிரிக் கணக்கில் இந்த மலைச்சரிவின் குடிகள் எவ்வளவு விழும்? இவர்களைத் தேடிப் போய்த்தான் எண்ண வேண்டும்.

எண்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று காட்டியது. அவர்களுக்குப் பின்னால் நிற்பவர்களைப் பற்றி 2019-ன் நேரப் பயன்பாட்டு ஆய்வு ஓரளவு பேசுகிறது: வீட்டாரைக் கவனிக்கும் வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது 134 நிமிடம், ஆண்கள் 76 நிமிடம். வீட்டு வேலையில் அது 299-க்கு 97. இருந்தும், ஏலச்செடி நடுவில் நின்றுகொண்டு ‘அப்பா சாப்பிட்டாரா, மாத்திர போட்டாரா?’ என்று போனில் கேட்கும் பெண்ணின் அந்த நேரம் கூலி வேலையாகத்தான் பதிவாகும்.

எல்லையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1956 நவம்பர் 1-ல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. கோடு மலைமுகட்டில் விழுந்தது. குடும்பங்கள் இரு பக்கமும் இருக்கின்றன. இங்கே 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது, மனமாரப் பாராட்டுகிறேன். தேடி வரும் நேரத்தில் வீட்டார் மலையில் இருந்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். அங்கே ஆஸ்வாசகிரணம் திட்டம், படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 600 ரூபாய் என்று வைத்திருக்கிறது. தொகை சிறிது. ஆனால் கவனிப்பவரை ஓர் ஆளாக அரசுத் தாளில் எழுதியதே பெரிய காரியம். மகன் அங்கே தோட்ட லயத்திலும் தாய் இங்கே போடியிலும் இருந்தால், அந்த வீட்டை எந்த மாநிலம் எண்ணும்? இடுக்கி மாவட்டத்து ஆய்வாளர்களோடு சேர்ந்து ஒரே ஆய்வாகச் செய்யாமல் இதற்கு விடை கிடைக்காது.

ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் குடிகளுக்குக் கேள்வித்தாள் புதிதல்ல. கேட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்து கண்டதைச் சொன்னதுதான் அரிது. உங்கள் முடிவுகளை முதலில் அவர்களுடைய வாசலில், அவர்கள் பேசும் தமிழில் சொல்லுங்கள். அவர்கள் திருத்தினால் திருத்துங்கள். பிறகு அச்சுக்கு அனுப்புங்கள். துணைக்கு வந்தவர், இழந்த கூலி, நின்ற படிப்பு இவற்றுக்கு உங்கள் படிவத்தில் தனித்தனிக் கட்டம் போடுங்கள்.

இரண்டு நாள் அமர்வுகள் இந்த மண்டபத்துக்குள் நடக்கின்றன. நாளை விடியுமுன், ஜீப் கிளம்பும் இடத்தில் நான் நிற்பேன். முடிந்தவர்கள் வாருங்கள், ஏறுகிறவர்களிடம், வீட்டில் யாரை விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்று கேட்போம். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.