ஏழு கையெழுத்து

சிங்கப்பூரில் வேலை முடித்து, தரைப்பால நெரிசலில் கால்கடுக்க நின்று, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இந்த மண்டபத்துக்கு வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, கேளுங்கள்.

இந்த ஜொகூர் பாருவில் ஜாலான் கெபுன் தே இருக்கிறது. அங்கே ஒரு நினைவிடம் இருக்கிறது. 1977 டிசம்பர் 4, ஞாயிறு இரவு. பினாங்கிலிருந்து புறப்பட்ட மலேசியா ஏர்லைன்ஸின், அதாவது மாஸின் விமானம் சுபாங் விமான நிலையத்தில் இறங்க வேண்டிய நேரத்தில் கடத்தப்பட்டது. சிங்கப்பூர்ப் பக்கம் திரும்பி, நம் தஞ்சோங் கூப்பாங்கில் விழுந்து நொறுங்கியது. பயணிகள் 93, ஊழியர்கள் 7. நூறு பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. விவசாய அமைச்சர் அலி ஹாஜி அகமதுவும் அதில் போனார். கடத்தியவன் யார் என்பதற்கு இன்றுவரை விடை இல்லை.

அந்த நூறு பேரை மனத்தில் வைத்துக்கொண்டு இன்னொரு தேதியைக் கேளுங்கள். 1972 ஜூன் 19. உலக விமானிகள் சங்கங்களின் கூட்டமைப்பான இஃபால்பா, உலகெங்கும் 24 மணி நேர வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்த நாள். சம்பளம் கேட்டார்களா? போனஸ் கேட்டார்களா? ஒரு காசு கேட்கவில்லை. விமானக் கடத்தலைத் தடுக்க அரசாங்கங்கள் உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். தஞ்சோங் கூப்பாங்குக்கு ஐந்து வருடம் முன்பே கேட்டார்கள்! பயணியின் உயிருக்காக வேலையை நிறுத்தியவர்கள் விமானிகள். அதற்கு அவர்களிடம் ஒரு சங்கம் இருந்தது.

இப்போது சிலர் மேடை போட்டுப் பேசுகிறார்கள்: பல்லாயிரம் ரிங்கிட் சம்பளம் வாங்குகிறவனுக்கு எதற்குச் சங்கம்? பெயர் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் கைதட்டுவதிலேயே யாரென்று தெரிகிறது. அந்தப் பெரிய மனிதர்களுக்கு ஒரே ஒரு பதில். விமானக் கம்பெனிகளுக்கே ஒரு சங்கம் இருக்கிறது, ஐயா! அயாட்டா என்று பெயர். 1945-இல் ஹவானாவில் கூடி அமைத்தார்கள். உலகத்துப் பெரிய விமான நிறுவனங்கள் பல அதில் உறுப்பினர். இந்த நாட்டு முதலாளிகளுக்கும் சம்மேளனம் இருக்கிறது. கோடிகளில் புரளும் கம்பெனிகளுக்குச் சங்கம் வேண்டும்; அந்தக் கம்பெனியின் விமானத்தை ஓட்டுகிற பிள்ளைக்கு வேண்டாமா?

நம்மவர்களுக்கு இந்தப் பேச்சு புதிது இல்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்ப் பாட்டாளி எழுந்து நின்றபோதும் இதையேதான் சொன்னார்கள்: இவனுக்கு எதற்குச் சங்கம்? ஆர்.எச். நாதன் என்ற மனிதர் பின்னால் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். அவர்கள் கேட்டவற்றில் ஒன்று என்ன தெரியுமா? தோட்டத்துத் துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்காமல் போகும் உரிமை! கூலி உயர்வோடு சேர்த்து அந்த மரியாதையையும் கேட்டார்கள். தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, நம் ஆட்கள் செத்தார்கள். லயத்தில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று விமானத்தில் கேப்டன் நாற்காலியில் உட்காருகிறார்கள். தாத்தா சைக்கிளில் நிமிர்ந்து உட்காரப் போராடினார். பேரன் குனிந்து போகலாமா?

சரி, 1979-க்கு வருவோம். அந்த வருடத்தை விட்டுவிட்டு இந்த நாட்டில் விமானத் தொழிலாளரைப் பற்றிப் பேச முடியாது. மாஸ் ஊழியர்கள் ஊதிய உயர்வு கேட்டார்கள். விதிப்படி மட்டுமே வேலை செய்வோம் என்றார்கள். வந்தது உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், ஐ.எஸ்.ஏ. 23 பேரை உள்ளே தள்ளினார்கள். அனைத்துலகப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் ஆசியப் பிரதிநிதி டொனால்ட் யூரெனும் அதில் ஒருவர். ஏர்லைன்ஸ் ஊழியர் சங்கத்தின் பதிவையே ரத்து செய்தார்கள். அடுத்த வருடம் தொழிற்சங்கச் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். குண்டு வைத்தவர்களா அவர்கள்? சம்பளம் கேட்டவர்கள்! அந்தப் பயம் ஒரு தலைமுறைக்கு வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டது. சங்கம் கிங்கம் என்று போகாதே என்று அம்மாக்கள் சொல்லத் தொடங்கியது அப்போதுதான்.

பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில் என்ன நடந்தது? சார்ஸ் வந்த 2003-இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானிகளின் சம்பளம் வெட்டப்பட்டது. தங்கள் சங்கத் தலைமை விட்டுக்கொடுத்துவிட்டது என்று சொல்லி, விமானிகள் ஓட்டுப் போட்டு அந்தத் தலைமையைக் கீழே இறக்கினார்கள். அதற்கு ஆள் திரட்டியவர் ஒரு மலேசியர். இருபத்தாறு வருடம் அந்த ஊரில் வாழ்ந்த கேப்டன். அவர் பெயர் இந்த மேடையில் வேண்டாம். பட்டது போதும் அந்த மனிதருக்கு. 2004-இல் அவருடைய நிரந்தரவாச உரிமையை ரத்து செய்தார்கள். விரும்பத்தகாத குடியேறி என்றார்கள். கையெழுத்து வாங்கியதுதான் அவர் செய்த காரியம்.

தினமும் அந்தப் பாலத்தைக் கடக்கிற தம்பிகளே, அந்தக் கேப்டனை மறக்காதீர்கள்.

சங்கம் கேட்பது சம்பளம் மட்டும் இல்லை, ஓய்வும்தான். விமானி அறையில் தூக்கம் புகுந்தால் என்ன ஆகும்? 2010 மே 22, மங்களூர். துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் போனார்கள். கேப்டன் பயணத்தில் நீண்ட நேரம் தூங்கியிருக்கிறார். குறட்டைச் சத்தம் ஒலிப்பதிவுக் கருவியில் பதிந்திருந்தது. துணை விமானி, இறங்க வேண்டாம், மேலே எழுப்பலாம் என்று மூன்று முறை சொல்லியிருக்கிறார். விசாரணை அறிக்கையே சொல்கிறது. ஓய்வு என்பது ஆடம்பரமா, சொல்லுங்கள்! பின்னால் உட்கார்ந்திருப்பது உங்கள் அம்மா, உங்கள் பிள்ளை.

அதே இந்தியாவில் விமானிகள் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டின. விளைவு, வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக 2025 ஜூலையில் உயர்ந்தது. தனியாக ஒரு விமானி போய்க் கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா?

2009-இல் ஜெட் ஏர்வேஸ் விமானிகளுக்கும் இதே கேள்வி வந்தது: சங்கம் அமைப்பதா, வேண்டாமா? அமைத்தார்கள். உடனே இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியது நிர்வாகம்: கேப்டன் சாம் தாமஸ், கேப்டன் பாலராமன். செப்டம்பர் 8-ஆம் தேதி நூற்றுக்கணக்கான விமானிகள் ஒரே நேரத்தில் உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஐந்து நாளில் நிர்வாகம் இறங்கி வந்து, நீக்கியவர்களைத் திரும்ப எடுத்தது. பத்து வருடம் கழித்து, 2019 ஏப்ரலில் அந்தக் கம்பெனியே நின்றுபோனது. மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி. அன்றைக்கு விமானிகளுக்காகப் பேச ஒரு வாய் இருந்தது. 2009-இல் பதிந்த அந்தச் சங்கத்தின் வாய்தான் அது.

இங்கே நிலைமை என்ன? மலேசியா ஏர்லைன்ஸ் விமானிகளுக்குச் சங்கம் உண்டு. ஆனாலும் 2015-இல் 6,000 ஊழியர்கள் வேலை இழந்ததைப் பார்த்தோம். சங்கமே இல்லாத நிறுவனத்தில் பறக்கிற பிள்ளைக்கு அப்படி ஒரு நாள் வந்தால் யார் வந்து நிற்பார்? ரோஸ்டர் மாறுகிறது, லீவு வெட்டப்படுகிறது, பைலட் பயிற்சிக்கு வாங்கிய கடன் மட்டும் மாறாமல் நிற்கிறது. தனியாகப் போய் மேலதிகாரி கதவைத் தட்டுகிறான்.

சட்டம் இன்று நம் பக்கம் சற்றுத் திரும்பியிருக்கிறது. தொழிற்சங்கச் சட்டத் திருத்தம் 2024 செப்டம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. ஒரே தொழில், ஒரே துறை என்று தொழிலாளியைப் பிரித்து வைத்த பழைய வேலி போய்விட்டது. சங்கத்தைப் பதியும் விண்ணப்பத்தில் ஏழு உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டால் போதும். அங்கீகாரம் கேட்டால் முதலாளி 21 நாளில் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் விஷயம் தொழிலுறவுத் துறைக்குப் போகும். ரகசிய வாக்கெடுப்பு வரை போகலாம். வேலைநிறுத்தம் செய்து பயணிகளை நடுவழியில் விட்டுவிடுவார்கள் என்று பூச்சாண்டி காட்டுகிறார்களே, அவர்கள் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கு ரகசிய வாக்கில் சம்மதிக்க வேண்டும். விமானப் போக்குவரத்து அத்தியாவசியச் சேவை என்பதால் 21 நாள் முன்னறிவிப்பும் வேண்டும். இரவோடு இரவாக யாரும் விமானத்தை நிறுத்திவிட முடியாது.

அந்தக் கேப்டன் கையெழுத்து வாங்கியதற்காக இருபத்தாறு வருட வாழ்க்கையை இழந்தார். 1979-இல் 23 பேர் சுதந்திரத்தை இழந்தார்கள். இன்றைக்கு இந்த நாட்டில் அதே கையெழுத்துக்குச் சட்டம் இடம் தருகிறது. இந்த மண்டபத்தில் விமானிகளின் அப்பா அம்மா இருப்பீர்கள், மனைவி இருப்பீர்கள், தாமே விமானம் ஓட்டுகிறவர்களும் இருப்பீர்கள். சங்கம் வேண்டாம் என்று இனியும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். சங்கம் இல்லாத நிறுவனத்தில் பறக்கிற விமானிகளே, நாளைக்கே ஆறு நண்பர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். ஏழாவது கையெழுத்தைப் போட்டு விண்ணப்பத்தைப் பதிவதிகாரியிடம் கொடுங்கள்.